இன்னும் நாலு விரல் பின்னால்

திருமயம் பக்கம் ஒரு ரேஸ் கார் இருக்கிறதாம். அது இன்னும் ஒரு அடிகூட நகரவில்லையாம். ஆனால் அதன் எஞ்சின் மட்டும் இருபது அடி ஓடிவிட்டதாம். புதுக்கோட்டை பஸ்ஸில் இதைச் சொன்னவர் சிரிக்கவில்லை. எனவே ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

பதினைந்து அடிதான். ஐந்து அடியை வதந்தி சேர்த்திருக்கிறது. ஓடவைத்தவர் குழந்தைசாமி.

குழந்தைசாமியை உங்களுக்குத் தெரியும். 'தள்ளிவைக்கச் சொல்கிறவர்' என்ற இனம். வீட்டில் பீரோ இறக்கினாலும், கல்யாணத்தில் அடுப்பு மூட்டினாலும், திருவிழாவுக்கு மைக்செட் கட்டினாலும், எங்கிருந்தோ வந்து, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அங்கிட்டு" என்பாரே, அவர். தூக்கமாட்டார். அளக்கமாட்டார். அங்கிட்டு வைத்த பிறகு, "இங்கிட்டே இருந்திருக்கலாமோ?"

இன்ஜினியரிங் படிக்கும் தேவிப்ரியாவும் கூட்டாளிகள் மூவரும், கல்லூரிகளுக்கான போட்டிக்குக் கார் செய்ய அவருடைய ஷெட்டைக் கேட்டார்கள். வாடகையே வேண்டாம் என்றார். பெருந்தன்மை என்று நினைத்தார்கள். சனிக்கிழமை காலை கார் கோயம்புத்தூரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருட உழைப்பும் போச்சு.

ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் என்று கணக்குப் போட்டு எஞ்சினை வைத்திருந்தாள் தேவிப்ரியா.

"மாட்ட வண்டிக்குப் பின்னாலயா பூட்டுவாங்க?" என்றார் குழந்தைசாமி.

"தள்ளுவண்டிய முன்னால நின்னுக்கிட்டா தள்ளுவாங்க, மாமா? முன்பாரம் கூடுனா வளைவுல திரும்பாம நேராப் போயிரும்."

"ஷெட்டு என்னுது, ஆத்தா."

எஞ்சின் முன்னால் போனது. மறுநாள் அவர் போனில் ஏதோ வீடியோ பார்த்தார். எஞ்சின் கடைசி வாலுக்குப் போனது. "வால் கனத்தா வளைவுல பம்பரமாச் சுத்தும் மாமா" என்று அவள் சொன்னதை ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, "அப்ப நடுவுல வை. நான் மொதல்லயே சொன்னேன்ல" என்றார். அதாவது, அவள் வைத்திருந்த இடம். ஆவூரிலிருந்து வெல்டிங்குக்கு வந்த மரியசெல்வம் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் தாங்கியைப் பேசாமல் அறுத்தார், பேசாமல் ஒட்டினார்.

நான் போய்ச் சேர்ந்த வியாழக்கிழமை, சங்கிலியில் தொங்கும் எஞ்சினை நாலு பேரும் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன். என் தலை எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை.

"இன்னும் நாலு விரல் பின்னால போகலாமோ?"

தேவிப்ரியா கோபப்படவில்லை. "அறுபது கிலோ சார். அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, பாப்போம்."

"டீ குடிச்சிட்டு வந்து புடிக்கிறேம்மா."

"பின்னாலயா? முன்னாலங்க" என்று குழந்தைசாமியும் கூடவே கிளம்பினார்.

"ரெண்டு பேரும் நிதானமாக் குடிச்சிட்டு வாங்க" என்றாள். ஷெட்டுக் கதவை உள்ளே தாழிடும் சத்தம் கேட்டது.

நாலு விரலா, ஆறு விரலா, முன்னாலா, பின்னாலா என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். நல்ல மனிதர்; விஷயம் தெரிந்தவர். திரும்பி வந்தபோது மரியசெல்வம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் தேவிப்ரியா முதலில் வைத்த இடத்திலேயே, தாங்கி ஒட்டி, முடுக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை கார் ஓடியது. வளைவுகளில் ஒழுங்காகத் திரும்பியது. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகத் திரும்பியிருக்கும்.

நீங்கள் ஏன் தலையைச் சாய்த்துக்கொண்டு படிக்கிறீர்கள்?

அந்த வழியாகப் போனால் தேவிப்ரியாவிடம் சொல்லுங்கள்: நான் தரவேண்டிய அந்த ஒரு கை இன்னும் பாக்கிதான், மறக்கவில்லை.