மரத் துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்த வரலாறு

வாரண்டூக் ஊரில் ஒரு மனிதன் தன் கொட்டகையில் போர் வண்டி வைத்துக்கொள்வதற்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. நாய் வளர்க்கப் பதிவு வேண்டும். கோழிக்கு எண்ணிக்கை உண்டு. வேலி தாண்டி நீளும் எலுமிச்சைக் கிளைக்குக்கூட நகராட்சி ஒரு தனி விதி வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய நாலு டன் இரும்பு வண்டியை மட்டும் ஏன் என்று கேட்க நாதியில்லை. கேள்வியெல்லாம் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பற்றித்தான்.

ரெக்ஸ் டாலிமோர் கோதுமை அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்தே அறுபத்தொரு வயதை எட்டியவர். அவரிடம் இருந்தது ஒரு கேரியர். மேலே திறந்தபடி, சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட, தகர டப்பா மாதிரியான ராணுவ வண்டி. போர் முடிந்ததும் அரசாங்கம் அதை ஒரு விவசாயிக்கு ஏலத்தில் விட்டது. அவர் அதை வைத்து மரவேர் பிடுங்கினார். பிறகு அதில் கோழிகள் குடியேறின. கோழிகளைக் காலி செய்துவிட்டு ஒன்பது வருஷம் உழைத்து ரெக்ஸ் அதை ஓட வைத்தார். அந்த ஒன்பது வருஷத்தில் தன்னிடம் பேசியதைவிட அதனிடம்தான் அதிகம் பேசினார் என்று அவர் மனைவி நோலீன் சொல்வாள். அது பொய்யில்லை.

ஊர் முதியோர் இல்லத்தில் கிளாரி ஹோஸ்கின் என்று ஒருவர் இருந்தார். வயது தொண்ணூற்றேழு. போரில் இதே மாதிரி கேரியரை ஓட்டியவர். ஊரில் அப்படி மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். ரெக்ஸ் ஞாயிறுதோறும் அவருக்கு இறைச்சிப் பை, அதாவது மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம், வாங்கிக்கொண்டு போவார். ஜனவரியில் ஒரு ஞாயிறு, பையைக் கடித்துக்கொண்டே கிளாரி கேட்டார்:

"தம்பி, அன்சாக் தினத்து ஊர்வலத்துல உன் வண்டியில என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவியா? வருஷா வருஷம் சக்கர நாற்காலியில வச்சு, மடியில போர்வையப் போட்டு, பொட்டலம் மாதிரி தள்ளிட்டுப் போறானுங்க. எனக்கு வெக்கமா இருக்குடா."

"கண்டிப்பா கிளாரி. இந்த வருஷம் முடியலேன்னா அடுத்த..."

"அடுத்த வருஷம்கிற பேச்சே வேணாம். அது உனக்கு வரும். எனக்கு வராது."

ரெக்ஸ் கையடித்துக் கொடுத்தார். போர்வீரர்களை நினைவுகூரும் அந்த நாளுக்கு, ஏப்ரல் இருபத்தைந்துக்கு, இன்னும் மூன்று மாதம் இருந்தது. வாக்குக் கொடுத்த பிறகுதான் விதிமுறையைப் படித்தார்; நாமெல்லாம் அப்படித்தானே.

விதி என்ன சொன்னதென்றால், ஊர்வலத்தில் ஓடும் ராணுவ வண்டிகள் யாவும் 'பழைய படை வண்டிச் சங்கம்' வழங்கும் முழுமைச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். முன்பு யாரோ ஒரு புண்ணியவான் பால் வண்டிக்குப் பச்சை வர்ணம் அடித்து ஓட்டிவிட்டான். அதிலிருந்து இந்தக் கெடுபிடி.

சங்கத்தின் தலைவர் ஹேட்லி ஸ்பர்லிங். முப்பத்தைந்து வருஷம் ஜன்னல் திரைச்சீலை விற்றவர். ராணுவத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் சோதனைக்கு வரும்போது மேஜர் உடுப்பும், கக்கத்தில் குட்டைப் பிரம்பும், மடிப்புக் கலையாத கால்சட்டையுமாகத்தான் வருவார். பச்சை வர்ணத்தில் பதினாறு வகையை ஓர் அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். அதை வண்டியோடு வைத்துப் பார்த்து, குனிந்து, நிமிர்ந்து, பெருமூச்சு விட்டார்.

"வர்ணம் சரி மாப்ளே. திருகாணியும் சரி. துப்பாக்கி எங்கே?"

"துப்பாக்கிக்கு நான் எங்க போவேன்? வச்சிருந்தா உள்ள தூக்கிப் போட்ருவான்."

"தாங்கி இருக்கு, துப்பாக்கி இல்லை. பல் இல்லாத வாய் மாதிரி. முழுமையற்றதுன்னுதான் எழுத முடியும்."

ரெக்ஸ் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு துப்பாக்கி செய்தார். பின்பக்கம் செங்கருவேல மரம், குழல் அரையங்குலத் தண்ணீர்க் குழாய், மேலே வளைந்த ரவைப் பெட்டிக்குப் பழைய புல்வெட்டியின் தகடு. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் நாலு பூச்சு. ஹேட்லி வந்து பார்த்து, அறியாமல் ஒரு சல்யூட் அடித்துவிட்டார். சான்றிதழில் எழுதினார்: 'இயந்திரத் துப்பாக்கி: ஒன்று. நிலை: மிக நன்று.'

அங்கேதான் வந்தது வினை. அந்தச் சான்றிதழின் நகல் ஒன்று, வழக்கப்படி, ஆயுத உரிம அலுவலகத்துக்குப் போயிற்று.

ஷெரில் கார்ஸ்டென்ஸ் என்ற அதிகாரி மறுவாரமே வந்து நின்றார். நல்ல பெண்மணி. குரல் உயர்த்த மாட்டார். அவர் கையிலிருந்த கோப்புதான் எல்லாரையும் அதட்டியது.

"மிஸ்டர் டாலிமோர், இந்த இயந்திரத் துப்பாக்கிய எப்போ வாங்கினீங்க?"

"வாங்கலம்மா. செஞ்சேன். இது மரம்."

ஷெரில் அதைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. "மரம்தான். எனக்குத் தெரியுது. ஆனா எனக்குத் தெரியறத வச்சுச் சட்டம் எழுதல. தெரியாதவருக்கு என்ன தெரியுமோ அதை வச்சுத்தான் எழுதியிருக்கு. செயலிழக்கச் செய்ததற்கான சான்று இருக்கா?"

"இது எப்பவுமே செயல்பட்டதில்லையே!"

"அப்போ மூணாம் எண் படிவத்துல 'கடைசியாகச் சுட்ட தேதி'ங்கிற கட்டத்துல என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுத மாட்டேன்."

"கட்டம் காலியா இருந்தா படிவம் செல்லாது."

"சரி, துப்பாக்கியே வேணாம், கழட்டி அடுப்புல போட்டுடறேன்."

"பதிவேட்டுல ஏறின ஆயுதத்த அழிக்கிறது தனிக் குற்றம்" என்றார் ஷெரில், அனுதாபத்தோடு.

ஒருவழியாக அவரே ஒரு வழி சொன்னார். அதிகாரி முன்னிலையில் குழலின் வாயை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் பரிசீலிக்கலாம். அப்படியே ஏப்ரல் பதினாறாம் தேதி காலை, ஷெரில் நாற்காலி போட்டு உட்கார, நோலீன் துணி காயப்போட்டபடி வேடிக்கை பார்க்க, ரெக்ஸ் முகமூடி மாட்டிக்கொண்டு வெல்டிங்கை ஆரம்பித்தார்.

குழாய் சூடேறிற்று. உள்ளே எண்ணெய் குடித்திருந்த மரம் கருகிற்று. புகை வெளியே வர வழியில்லை. பாதி அடைபட்ட வாயில் முட்டி மோதி, கடைசியில் 'டப்'பென்று வெடித்து, பட்டாணி அளவு இரும்புக் கட்டியைத் துப்பியது. அது பறந்துபோய் நோலீனின் துணி வாளியில் 'ணங்'கென்று பட்டது.

"அடப்பாவி, கட்டின பொண்டாட்டியவே சுட்டுட்டியே!" என்றாள் நோலீன்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஷெரில் அதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார். பிறகு டேப்பை எடுத்துத் தூரத்தை அளந்தார். நாலு மீட்டர், இருபது சென்டிமீட்டர்.

"வாழ்த்துகள், மிஸ்டர் டாலிமோர்."

"எதுக்கு?"

"இதுவரைக்கும் உங்க ஆயுதத்த செயலிழக்கச் செய்ய முடியாம இருந்தது, ஏன்னா அது செயல்படல. இப்போ செயல்பட்டிருச்சு. நானே சாட்சி. கடைசியாகச் சுட்ட தேதி: இன்று." உண்மையிலேயே அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "இனிமே எல்லாம் சுலபம். பதினாலு வாரத்துல உத்தரவு வந்திரும்."

"ஊர்வலத்துக்கு ஒன்பது நாள்தாம்மா இருக்கு!"

"அதுக்கும் வழியிருக்கு. பூட்டின இரும்புப் பெட்டிக்குள்ள இருந்தா எங்கே வேணும்னாலும் கொண்டுபோகலாம்."

ரெக்ஸ் ராப்பகலாக உழைத்து, வண்டியில் இருந்தபடியே துப்பாக்கியைச் சுற்றி ஒரு இரும்புப் பெட்டி கட்டினார். பூட்டும் போட்டார். பார்ப்பதற்கு வண்டியின் மூக்கில் ஒரு தபால் பெட்டி முளைத்தது போல இருந்தது. ஹேட்லி வந்து பார்த்துவிட்டுப் பிரம்பைக் கீழே போட்டார்.

"என்ன மாப்ளே இது?"

"துப்பாக்கி உள்ள இருக்கு."

"போர்ல இந்தப் பெட்டி இருந்துச்சா?"

"போர்ல உரிம அலுவலகம் இல்லையே!"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அசல்ல இல்லாதது இருக்கு, அசல்ல இருந்தது தெரியல. சான்றிதழ் ரத்து."

ஆக, துப்பாக்கி தெரிந்தால் அலுவலகம் விடாது. தெரியாவிட்டால் சங்கம் விடாது. ஊர்வலத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ரெக்ஸ் இறைச்சிப் பை வாங்காமல் முதியோர் இல்லத்துக்குப் போனது அன்றைக்குத்தான்.

"கிளாரி, என்னால முடியல" என்றார். அழுகையை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

கிளாரி நடந்ததையெல்லாம் கேட்டார். வாளியில் பட்ட கட்டத்தை மட்டும் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த மங்கிப்போன போட்டோவைக் கழற்றச் சொன்னார். இருபது வயதுக் கிளாரி, அரைக்கால் சட்டையோடு, தன் கேரியரில் சாய்ந்து நிற்கிறார். வண்டியின் தாங்கியில் நீளமாக ஏதோ ஒன்று.

"நல்லாப் பாரு. அது என்ன?"

ரெக்ஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "குச்சி மாதிரி இருக்கு."

"துடைப்பம்டா! எங்க படைக்கு எட்டு மாசம் துப்பாக்கியே வரல. ஜெனரல் பார்வையிட வர்றார்னதும் சமையல் கூடாரத்துத் துடைப்பத்துல பூட்ஸ் பாலிஷைத் தடவிச் சொருகிட்டோம். அந்த ஆள் பாத்துட்டு 'முழு ஆயுதம் தரித்த படை'ன்னு எழுதிட்டுப் போனான். வண்டியில அசல் அதுதான்."

ஹேட்லி அந்தப் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் கால்மணி நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நாட்டுலயே எவன் வண்டியிலயும் இது கிடையாது, மாப்ளே" என்று தழுதழுத்து, நூற்றுக்கு நூறு போட்டார். கீழே ஒரு குறிப்பு: 'துடைப்பம்: ஒன்று. நிலை: வரலாற்றுச் சிறப்புடையது.'

மரத் துப்பாக்கி தன் இரும்புப் பெட்டியோடு சகல மரியாதையுடன் கழற்றப்பட்டு, பதினாலு வாரம் காத்திருக்க அலுவலகத்தின் காவலுக்குப் போயிற்று. அதை எடுத்துப்போக வந்த ஷெரில் வண்டியைப் பார்த்தார்.

"தாங்கியில இருக்கிற இது என்ன?"

"துடைப்பம்."

"என்ன பயன்பாட்டுக்கு?"

ரெக்ஸ் யோக்கியமான மனிதர். துப்பாக்கி மாதிரித் தெரிவதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். நோலீன் அவர் காலை நன்றாக மிதித்தாள்.

"பெருக்குறதுக்குங்க. கோழி அடைஞ்ச வண்டி. இன்னும் இறகு வருது."

"வீட்டு உபயோகப் பொருள்" என்று எழுதி ஷெரில் முத்திரை குத்தினார்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் ஊர்வலம் புறப்பட்டது. பதக்கம் குத்திய கோட்டோடு கிளாரி கேரியரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, துடைப்பத்தின் காம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டார். தெருவின் இருபுறமும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. நகராட்சித் தலைவர் தொப்பியைக் கழற்றினார். ஹேட்லி விறைத்து நின்று துடைப்பத்துக்கு சல்யூட் அடித்தார்.

என்ஜின் இரைச்சலில் கிளாரி அவர் காதருகே குனிந்தார். "தம்பி, ஒண்ணு சொல்றேன், வெளிய விடாத. எங்க வண்டியில துப்பாக்கி இல்லாம ஒருநாளும் இருந்ததில்ல."

"என்னது! அப்ப போட்டோ?"

"அன்னிக்குத் துப்பாக்கிய எண்ணெய் போட எடுத்திருந்தோம். சமையல்காரப் பய துடைப்பத்தக் கழுவி அங்க காயப் போட்டிருந்தான்."

"ஏன் கிளாரி பொய் சொன்னீங்க?"

"நீ மூணு மாசமா உண்மையச் சொல்லி என்னத்தக் கிழிச்ச?" என்றார் கிளாரி. பிறகு ஜனங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; அந்த ஜூலையில் கிளாரி போய்ச் சேர்ந்தார். சங்கத்தார் சவப்பெட்டியின் மேல் கொடியைப் போர்த்தி, அதன்மேல் அந்தத் துடைப்பத்தை வைத்தார்கள். ரெக்ஸ் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

மறுவருஷ ஊர்வலத்துக்கு நாற்பது வண்டிகள் வந்தன. நாற்பதிலும் துடைப்பம். துடைப்பம் இல்லாத வண்டி முழுமையற்றது என்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. ஹேட்லியிடம் இப்போது துடைப்ப நாரின் நிறங்களை ஒட்டிய அட்டை ஒன்றும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இத்தனை துடைப்பங்கள் ராணுவ வண்டிகளில் பொருத்தப்படுவது அலுவலகத்தின் கவனத்துக்கும் வந்தது. ஷெரில் மிகுந்த அக்கறையோடு ஒரு புதுப் படிவம் தயாரித்தார்.

ஊர்வலம் முடிந்த மறுநாள், கொட்டகையில் ஒரே குப்பை. நோலீன் கைக்கு எட்டியதை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய்! கீழ வை அத!" என்று ரெக்ஸ் ஓடி வந்தார். "அது அசல்!"

"துடைப்பம், ரெக்ஸ். கடையில நான்தான் வாங்கினேன். பெருக்குறதுக்குக்கூட உன்கிட்ட உரிமம் வாங்கணுமா?"

ரெக்ஸ் அவளிடமிருந்து துடைப்பத்தைப் பக்குவமாக வாங்கி, நாரில் ஒட்டியிருந்த தூசியை ஊதினார்.

"என்கிட்ட இல்ல" என்றார். "ஷெரில்கிட்ட. படிவம் மேஜை டிராயர்ல இருக்கு. 'கடைசியாகப் பெருக்கிய தேதி'ங்கிற கட்டத்த மட்டும் காலியா விட்டுடாத."