பச்சைக் கட்டம் போட்ட ரெண்டு சட்டை

தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுதும் ஐயா அவர்களுக்கு (அம்மாவாக இருந்தால் அம்மா அவர்களுக்கு), கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் தையல் மெஷினும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

விஷயம் என்னவென்றால், தங்கள் தொடரை உடனே நிறுத்த வேண்டும். காரணம் சொல்கிறேன். தங்கள் கதையில் ஒரு தீயணைப்புக்காரன், ஒரு மருந்துக் கடைக்காரன், ரெண்டு பேரும் லீவு நாளில் ஒரே மாதிரி பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் வருவார்களாமே, அது அப்போது எனக்குத் தெரியாது. கல்லூரியில் படிக்கும் என் மகன் அதே துணியைக் கொண்டுவந்து, "ரெண்டு சட்டை தைச்சுடுங்கப்பா, ஒண்ணுக்கு அளவுச் சட்டை வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அளவுச் சட்டையை விரிச்சுப் பாத்தா, தோள் கடல் மாதிரி கிடக்குது. பயல் வேற யாரோ வாடிக்கையாளர் சட்டையை மாத்தி எடுத்து வச்சிட்டான்னு நினைச்சு அதை ஓரமாப் போட்டுட்டு, பெத்த பிள்ளை உடம்புக்கு அளவு எதுக்குன்னு ரெண்டையும் அவன் உடம்புக்கே வெட்டிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மகனோட சிநேகிதன் வந்தான். நெட்டையன், எங்க கடை வாசல்ல குனிஞ்சுதான் நுழைவான். திரைக்குப் பின்னாடி போய்ச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா, கை முழங்கையோட நிக்குது, மேல் பட்டன் தெறிச்சு இஸ்திரிப் பெட்டி மேல டங்குன்னு விழுது. பாவம், அந்தப் பையன் மூச்சை அடக்கிக்கிட்டு "நல்லாயிருக்கு அங்கிள்"ங்கிறான். "டேய், இது யாருக்குடா?"ன்னேன். மகனுக்கு முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. "இவனுக்குத்தான்ப்பா. நாங்களும் அந்தத் தொடர்ல வர்ற ரெண்டு பேர் மாதிரிதான்." "அப்போ படிப்பை விட்டுட்டுத் தீயணைப்புல சேரப் போறீங்களா?"ன்னு கத்திட்டேன். பட்டன் வச்சுத் தைச்சுக்கிட்டிருந்த என் மனைவி தலையில அடிச்சுக்கிட்டு, "அதில்லைங்க, அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புறாங்க"ன்னா. கத்தரிக்கோலைக் கீழே வச்சுட்டு உக்காந்துட்டேன். அவளுக்கு எப்பவோ தெரியுமாம்!

எல்லாம் உங்களால வந்த வினைன்னு, குத்தம் கண்டுபிடிக்கவே தொடரை முதல்லேர்ந்து பாக்க ஆரம்பிச்சேன். கடை வேலையெல்லாம் தேங்கிப் போச்சு. மருந்துக் கடைக்காரன் அவங்கப்பாகிட்ட சொல்லப் போய், சொல்லாமலே திரும்பி வந்தானே, அன்னிக்கு எனக்கு வந்த கோபம்! "அந்தாளு மூஞ்சியைப் பாரு, அவர்கிட்ட எவன் வாயைத் திறப்பான்?"னேன். என் மனைவி என்னையே பாத்தா. ஏன்னு நான் கேக்கல.

மகன்கிட்டயும் கேட்டே விட்டேன். "இதைப் பாத்துத்தானேடா நீ இப்படி ஆன?" "இல்லப்பா, நான் எப்பவுமே இப்படித்தான். என்னை மாதிரி உலகத்துல வேற யாருமே இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இதைப் பாத்தப்புறந்தான் நிம்மதியாத் தூங்கினேன்"னான். அடுத்த அறையில பிள்ளை தூங்காமக் கிடந்திருக்கான், எனக்குத் தெரியலைங்க. இன்னும் மனசு ஆறல.

இப்ப என்னடான்னா, போன வாரம் தீயணைப்புக்காரனை லீவு நாள்ல, அந்தப் பச்சைச் சட்டையோடயே எரியுற கட்டடத்துக்குள்ள அனுப்பிட்டு, 'அடுத்த வாரம் இறுதிப் பகுதி'ன்னு போட்டுட்டீங்க. பையன் சரியாச் சாப்பிடறதில்ல. "அவன் செத்துருவான்ப்பா. நான் பாத்த கதையில எல்லாம் எங்களை மாதிரி ஆளுங்க கடைசியில செத்துத்தான் போறாங்க"ங்கிறான். இதைக் கேட்டுக்கிட்டு எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? ஆகவே தொடரை உடனடியாக நிறுத்துமாறு கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு. தாங்கள் என்றும் அளவெடுத்துத் தைத்த சட்டை அணிந்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தையற்கடைக்காரர்

பின்குறிப்பு: நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் தீயணைப்புக்காரன் அந்த நெருப்புக்குள்ளேயே அல்லவா கிடப்பான்! நெட்டையனுக்கு அதே பச்சைக் கட்டத்தில் புதுத் துணி வாங்கி, அவனுடைய அளவுச் சட்டையை வைத்தே தைத்துவிட்டேன். இறுதிப் பகுதியை ரெண்டு பேரும் அந்தச் சட்டையோடு எங்கள் வீட்டில்தான் பார்க்கப் போகிறார்கள், நடுவில் நான். தயவுசெய்து தீயணைப்புக்காரனை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். சட்டை கருகிப் போனாலும் பரவாயில்லை. அவன் அளவை மட்டும் அனுப்புங்கள், நானே இன்னொன்று தைத்துத் தருகிறேன்.