கியர் இல்லாத வண்டியும் நாலு எலுமிச்சம்பழமும்

லிந்துலைக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் திட்டிக்கொண்டே நடந்தேன். மெனேஜரைத் திட்டினேன். மச்சானைத் திட்டினேன். அந்த ட்ராக்டரைச் செய்தவனை, அவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமலே திட்டினேன். சட்டை முழுக்க ஒயில். தலையில் வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ் தழை. எதிரே தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். (மரியாதைக்காக அல்ல.)

கோபத்தில் ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்படித்தான் நடந்தேன். மஸ்கெலியாவில் பேக்கரி, கொழும்பில் ஹாட்வெயார் கடை, கட்டாரில் புல்வெளிப் பராமரிப்பு என்று எல்லாவற்றையும் விட்டு நடந்திருக்கிறேன். (கட்டாரிலிருந்து மட்டும் விமானத்தில்.) விட மனமில்லாத ஒரு வேலையை விட்டு நடந்தது அன்றைக்குத்தான்.

அப்போது நானும் ராணியும் அவள் அண்ணன் தங்கராசுவின் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில், ஒரே அறையின் நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தடுத்துக் குடியிருந்தோம். மச்சானுக்குப் பழைய துரை பங்களாவில் தோட்ட வேலை. அவர் சொல்லி எனக்கும் அங்கே நாள் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருந்தது. பங்களா இப்போது ஹோட்டல். அங்கே உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் சின்ன ட்ராக்டர் ஒன்று இருந்தது. கொஞ்சம் சூடேறினால் போதும், மேட்டில் ஏறாமல் முனகிக்கொண்டு நின்றுவிடும். சனிக்கிழமை அந்தப் புல்வெளியில் ஒரு கல்யாணம்.

"இத ஓட வச்சிருங்க பாஸ். வேலைய பெர்மனன்ட் ஆக்குறேன், குவாட்டர்ஸ்ல ஒரு ரூமும் தாரேன்" என்றார் மெனேஜர். (எங்கள் பக்கம் கைத்தொழில் தெரிந்த எவனும் பாஸ்தான்.)

ராணியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கதவு இருக்குங்களா?"

"இருக்கு."

"பூட்டுற கதவா?"

அந்தக் கதவுக்காகத்தான் இறங்கினேன்.

இந்த வகை ட்ராக்டருக்குக் கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. ஒயிலின் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றும். மிதியிலிருந்து காலை எடுத்தால் அதே ஒயில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தும். அந்த ஒயிலை, வண்டி வந்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. வடித்துப் பார்த்தேன், பால் தேத்தண்ணி மாதிரி வந்தது. ஒயில் பெட்டிக்குக் காற்று வீசும் விசிறியில் குருவி கூடு கட்டலாம், அவ்வளவு காய்ந்த புல்.

"இத ஒருநாளும் தொடைக்கிறதில்லையா மச்சான்?"

"புல்லு வெட்டுற வண்டியில புல்லு இருக்கத்தானே செய்யும்?"

மெனேஜர் தன் பங்குக்கு, வேனுக்கு வாங்கிய பழைய ஒயிலே போதாதா என்று கேட்டார். "ஒங்க வீட்டு சோத்துக்கு அத ஊத்துவீங்களா சேர்?" என்றேன். முறைத்தார். ஆனால் நான் கேட்ட ஒயிலை வாங்கித் தந்தார்.

விசிறியைச் சுத்தம் செய்தேன். பெல்ட்டையும் பில்டரையும் மாற்றினேன். புது ஒயில் ஊற்றினேன். ஊற்றியதும் ஓட்டிவிட முடியாது, உள்ளே காற்று அடைத்திருக்கும். பின்சக்கரங்களைக் கட்டைமேல் தூக்கி வைத்து, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதியை முன்னும் பின்னுமாக மாறி மாறி அழுத்திக் காற்றை வெளியேற்றினேன். கடைசியில் சக்கரங்கள் அந்தரத்தில் ஜோராகச் சுற்றின. கட்டாரில் கற்ற வித்தை. சமையற்கட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். அந்த இடத்தில் நான் செத்துப்போயிருந்தால் மரியாதையாகப் போயிருப்பேன்.

வண்டியைத் தரையில் இறக்கியதும் மச்சான் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, இஞ்சின் மூடிக்கு விபூதி பூசி, அதன் மேலேயே சூடத்தைக் கொளுத்தினார்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான். பழத்த நசுக்கிட்டுப் போகட்டும்."

"சூடத்த எரிய விட்டுட்டு பெட்ரோல் வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்களே, ஒங்களுக்கு மூளை இருக்கா?"

"ராகு காலம் பொறக்கப் போகுது. அப்ப தள்ளியாவது நசுக்குங்க!"

தள்ளுவதென்றால் இந்த வண்டியைச் சும்மா தள்ள முடியாது, ஒயில் விடாது. பின்பக்கம் ஒரு கம்பி இருக்கிறது. அதை வெளியே இழுத்தால் ஒயிலின் பிடி விட்டுப்போகும். இழுத்தேன். எல்லோரும் கை வைத்தார்கள். பழங்கள் நசுங்கின. சூடம் அணைந்தது. நான் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்து இஞ்சினை ஓடவிட்டு மிதியை அழுத்தினேன்.

வண்டி அசையவில்லை.

கம்பி இன்னும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ அது ஞாபகத்திலேயே இல்லை. "ஒயில் சூடாகணும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

"ஒரு கை கொடுப்போமா?" என்று மெனேஜர், வெள்ளைச் சப்பாத்துக் காலை ஊன்றி, பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

கட்டார் சமதரை. அங்கே கம்பியை இழுத்துவிட்டு மறந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், மேற்பார்வையாளர் மட்டும் கத்துவார். இங்கே புல்வெளி முடிகிற இடத்தில் மலை ஆரம்பிக்கிறது. ட்ராக்டர் முதலில் மரியாதையாகத்தான் நகர்ந்தது. பெண்கள் மறுபடியும் கைதட்டினார்கள். நான் கையசைத்தேன். (ஆமாம், கையசைத்தேன்.) பிறகுதான் சரிவு வந்தது.

காலை எடுத்தேன். நிற்கவில்லை.

"பிரேக்க புடிங்க மச்சான்!" என்று தங்கராசு கூடவே ஓடிவந்தார்.

பிடித்தேன். பிரேக் மிதி செத்த கோழிக் கழுத்து மாதிரி தொங்கியது. காலை எடுத்தாலே நிற்கிற வண்டி என்று இத்தனை காலம் யாரும் பிரேக்கைத் தொடவில்லை, அதன் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. இத்தனை கழற்றிய நானும் அதைப் பார்க்கவில்லை. பின்னால் இருக்கும் கம்பியைத் தள்ளலாமென்று திரும்பினேன். எட்டவில்லை. ஓட்டுகிறவன் கீழே இறங்கித்தான் அதைத் தொட வேண்டும் என்று இந்த வண்டியைச் செய்தவன் வைத்திருக்கிறான். அவன் வாழ்நாளில் ஒரு மேட்டைப் பார்த்திருக்க மாட்டான்.

"குதிங்க பாஸ்!" என்றார் மெனேஜர், மேலே நின்றபடியே.

குதிக்கவில்லை. எனக்கு அந்தக் கதவுதான் கண்ணுக்குள் நின்றது. ரோஜாப் பாத்தியைத் தாண்டினோம், நானும் வண்டியும். லீக்ஸ் பாத்தியைத் தாண்டவில்லை, அதற்குள்ளேயே போனோம். தேயிலை ஓரத்துத் தண்ணிக் கானில் முன்சக்கரங்கள் விழுந்தன. ஒயில் பெட்டி கல்லில் மோதிப் பிளந்தது. நான் ஊற்றிய புது ஒயில் அழகாக, ஒரு துளி காற்றில்லாமல், கானில் ஓடியது.

"யார் பாஸ் ஒங்களுக்கு வேல படிச்சுத் தந்தது?"

"தள்ளினது யாரு சேர்?"

அதற்குமேல் நாங்கள் பேசியதை எழுத முடியாது. அந்தக் கோபத்தோடுதான் நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் ராணி என் தலையிலிருந்த தழையை எடுத்துப் பார்த்தாள். "வேலைய விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சான் குடும்பம் முழுக்கச் சிரித்தது. ராணி சிரிக்கவில்லை. லீக்ஸ் தழையை அலசி, அரிந்து பருப்பில் போட்டாள். (பிறகு அவளும் இதற்குச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் வீட்டில் அடுப்பு பற்றாவிட்டால், போன் சார்ஜ் ஏறாவிட்டால், யாராவது, "மெனேஜர கூப்பிடுங்க, ஒரு தள்ளுத் தள்ளட்டும்" என்பார்கள்.)

விடிந்ததும் மச்சான் வந்து நின்றார். கையில் இரண்டு அரிவாள்.

"சனிக்கிழமைக்குள்ள புல்லு வெட்டணும். கைக்காசுக்கு ஆள் எடுக்கிறாங்க, அன்னன்னைக்கே கூலி. ஒங்க பேரும் குடுத்திருக்கேன்."

போக மாட்டேன் என்றேன். ராணி சேலைத் தடுப்பைப் பார்த்தாள். போனேன்.

மெனேஜர் என் கையிலிருந்த அரிவாளை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கணுமா?" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். எல்லோரும் மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. மேலிருந்து கீழே நான் ஏற்கெனவே ஒருமுறை போயாயிற்று.

நான் நேராகக் கானடிக்கு இறங்கிப் போய், கீழேயிருந்து வெட்ட ஆரம்பித்தேன்.