உம் கொட்டி

மனித இனத்தில் உம் கொட்டிகள் என்று ஒரு பிரிவு உண்டு. வாசகரே, இவர்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வாய் ஓயாத இத்தனை பேர் வாழும் உலகம் இன்னும் கைகலப்பில்லாமல் நடக்கிறது என்றால் அது இவர்கள் புண்ணியம். உம் கொட்டி எதையும் கேட்பதில்லை. கேட்கிற மாதிரி இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் இந்தப் பிரிவில் முதல் தரம். தொழிலும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அவர் இமைக்காமல் பார்ப்பார். அடடா, நம் சொல் ஒவ்வொன்றையும் இந்த மனிதர் உள்ளே வாங்கிக்கொள்கிறாரே என்று அந்த முகம் நெகிழ்ந்துபோகும். இவரோ அந்த மூக்கின் இடதுபக்கச் சரிவை அளந்துகொண்டிருப்பார்.

அவருக்கு ஒரு நண்பர். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிய டாக்டர், மனதுக்குப் பிடித்ததாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவைக்க, குமாஸ்தா கோப்பு பார்க்கிற சிரத்தையோடு மூன்றைப் பிடித்துக்கொண்டார். புத்தகம் படித்தார். நாடகம் பார்த்தார். படித்ததையும் பார்த்ததையும் நாட்குறிப்பில் எழுதினார். இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் படித்ததைச் சொல்லாமல் படித்த மாதிரி இருக்குமா? மனைவி இரண்டு நாவல் வரை தாங்கினாள். மூன்றாவதில், "இதையெல்லாம் உங்க சினேகிதர்கிட்ட போய்ச் சொல்லுங்களேன், பாவம், அவர்தான் ஆசையாக் கேப்பாரு" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அன்று முதல் சாயங்காலங்களில் வாடிக்கையாளர் உட்காரும் முக்காலி குமாஸ்தாவுக்கு. அவர் நாவலைத் தொடங்குவார். இவர் "ம்" என்பார். கதை சூடு பிடித்தால் "ம்ம்ம்". குமாஸ்தா குரலைத் தாழ்த்தினால் "அடப்பாவமே". நிறுத்தினால் "அப்புறம்?" இவை எதுவும் பலிக்காத இக்கட்டில், கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பி வீசுவார்.

"கடைசி வரைக்கும் அவ கதவைத் திறக்கவே இல்ல."

"திறக்கவே இல்லையா!"

குமாஸ்தாவுக்குப் புல்லரித்துவிடும். என் மனைவிக்குப் புரியாதது இவனுக்குப் புரிகிறதே என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதுவார். மறுநாள் அதையும் வந்து படித்துக் காட்டுவார். அதற்கும் ஒரு "ம்".

இப்படி இருக்கையில் ஒருநாள், யாரோ ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிக்குத் தூசியளவு திருகாணி ஒன்றைத் திருப்புளியால் மாட்ட முடியாமல் இவர் திணறிக்கொண்டிருந்தபோது, குமாஸ்தா முந்தின நாள் பார்த்த நாடகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் ஒரே ஒரு நாற்காலி, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதில்தான் சண்டை, என்றெல்லாம் சொல்லிவந்தவர் குரல் மாறாமலே தொடர்ந்தார்.

"வெளிய வந்ததும் டாக்டர் போன் பண்ணினாருடா. கழுத்துல இருக்கிற கட்டியை எடுத்தாகணுமாம். வர்ற வியாழக்கிழமை. குரல் போனாலும் போகலாம்னு சொல்றாரு. வீட்டுல இன்னும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். அன்னிக்கு நீ கூட வருவியா?"

திருகாணி உள்ளே இறங்கிய நேரம். 'வியாழக்கிழமை'யும் 'கூட வருவியா'வும் மட்டும் இவர் காதில் விழுந்தன.

"வராம? இந்த மாதிரி சந்தர்ப்பம் தினமுமா வருது! எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துடு."

குமாஸ்தா ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இப்படிப் பேச உன்னால மட்டும்தான்டா முடியும்" என்று தோளைத் தட்டிவிட்டு, அந்தத் தைரியத்தில் நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்கு வர்றேன்னீங்களாமே. ஆறு மணிக்குத் தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. முன்னாடியே வந்துடுங்க. உங்களைப் பார்த்தாதான் அவருக்குத் தைரியம். இடம் தெரியும்ல? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, அஞ்சு மாடிக் கட்டடம்."

தைரியமா? பார்க்கிறவனுக்கு எதற்குத் தைரியம்? ஆக, பயல் நடிக்கவே போகிறான்! இதை ஏன் சொல்லவில்லை என்று இவருக்குச் சின்ன வருத்தம்கூட. சொல்லியிருப்பான், சொல்லியிருப்பான் என்று சமாதானப்படுத்திக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் வாசனைத் தண்ணீருமாக, 'முதல் மேடைக்கு வாழ்த்துகள்' என்று அட்டை செருகிய பூங்கொத்தோடு ஐந்து மாடிக் கட்டடத்தின் முன் போய் இறங்கினார்.

வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போனார். இரண்டாவதும் போனது. உள்ளே மருந்து நெடி. அட்டையை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்கிற அளவுக்கு மட்டும் அவருக்குப் புத்தி வேலை செய்தது. பூங்கொத்தை நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள்.

பச்சை அங்கியில் குமாஸ்தா படுத்திருந்தார். கழுத்தில் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் மனைவி நின்றாள்.

"வந்துட்டியா" என்றார் குமாஸ்தா. "எனக்குப் பேசப் பயமா இருக்குடா. இதுதான் கடைசியோன்னு தோணுது. நீ பேசு. அந்த நாற்காலி நாடகத்தைச் சொல்லேன். நீ சொல்லி ஒரு தடவை கேட்டுக்கறேன்."

எந்த நாற்காலி? இவர் தேடினார். இத்தனை காலமும் அந்த முக்காலியில் இருந்து அவன் கொட்டியதில் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு சாவு? ஒன்றும் இல்லை. நண்பனின் மூக்குச் சரிவு மட்டும் துல்லியமாக நினைவிருந்தது.

"ஒரு ஊர்ல ஒரு தச்சன். ஒரு நாற்காலி செஞ்சான். அதுல உட்கார்ந்தவன் எவனும் பொய் சொல்ல முடியாது..." வாய்க்கு வந்தபடி போனார்.

குமாஸ்தா ஒரு கண்ணைத் திறந்தார்.

"இது அந்த நாடகம் இல்லையே."

"இல்ல" என்றார் இவர். பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "அது எனக்குத் தெரியாதுடா."

குமாஸ்தா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்ல, சொல்லு. தச்சன் என்ன பண்ணினான்?" என்றார். தியேட்டருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டி வரும்வரை இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

குரல் போகவில்லை. கொஞ்சம் கரகரத்ததோடு சரி. தையல் ஆறியதும் குமாஸ்தா புதிய நாவலோடு கடைக்கு வந்தார். இவர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே கேட்டார். கேட்டதோடு நிற்காமல், "அவன்தான் முதல்லயே ஊரை விட்டுப் போயிட்டானே, அப்புறம் எப்படி கல்யாணத்துக்கு வந்தான்?" என்றார். அடுத்த நாளும் இப்படி ஒரு கேள்வி. மூன்றாம் நாள் குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குறுக்க குறுக்கப் பேசாதடா. முன்னாடியெல்லாம் எவ்வளவு நல்லாக் கேப்ப!"

இதற்குள் வலது கண்ணுக்கான வில்லை இடது பக்கம் ஏறி, ஒரு வக்கீல் படி தவறி உட்கார்ந்து, கடைக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆகவே இவர் மறுபடி திருப்புளியைக் கையில் எடுத்தார். இப்போது பாதி கேட்கிறார். நண்பர் நாவல் சொன்னால் விட்டுவிடுகிறார். "டாக்டர்" என்று ஒரு சொல் வந்தால் திருப்புளி அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

நீங்கள் இந்தப் பிரிவில் சேர்த்தி இல்லை என்கிறீர்கள். நல்லது. இன்று காலை நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டிலிருந்து ஒருவர் ஏதோ சொன்னார். நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தீர்கள்.

எதற்குத் தலையாட்டினீர்கள்?