பெருமாள்சாமியின் காது மிஷின்

மூன்றாவது முறையாக அந்தக் காது மிஷின் பத்ரிநாத்தின் மேஜைக்குத் திரும்பி வந்திருந்தது. இந்த முறை அதில் இட்லி மாவு ஒட்டியிருந்தது.

புது வகைக் காது கேட்கும் கருவிகளை வடிவமைத்து, பெங்களூர் வைட்ஃபீல்டில் கம்பெனி நடத்தி, அதை நல்ல விலைக்கு விற்றவர் அவர். இப்போது கருவிகளைச் செய்து இலவசமாகக் கொடுப்பதே வேலை. தங்கச் சுரங்க வெடியில் செவி போன முந்நூறு கோலார்காரர்களுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு. முதலில் சோதித்துப் பார்க்க, அதே சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது பெங்களூர் ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் பெருமாள்சாமிக்கு மட்டும் ஒன்று கொடுத்தார்.

அது சட்டைப்பையோடு வாளியில் ஊறியது. தண்ணீர் புகாமல் செய்து கொடுத்தார். பேட்டரி காணாமல் போனது. கழற்ற முடியாத பேட்டரி வைத்து, இரண்டு காதுக்கும் கொடுத்தார். இரண்டும் கிரைண்டரில் அரைபட்டன.

"ஒருத்தர்கிட்டயே இந்தப் பாடு படுது. முந்நூறு பேர்கிட்ட என்ன ஆகும் சார்?" என்றாள் உதவியாளர் தர்ஷினி.

அவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் கழுத்தில் மாட்டும் கயிறு கோத்த புது ஜோடியோடு தானே கிளம்பிப் போனார்.

பெருமாள்சாமி அதை மாட்டிக்கொண்டு டிவியில் கபடி பார்த்தார்.

"எப்படி இருக்கு ஐயா?"

"ஏ ஒன் சார்! எதிர்வீட்டு ஆட்டோக்காரர் இருமுறதுகூடக் கேக்குது."

"அப்புறம் எப்படிக் கெட்டுப்போகுது?"

"அதான் புரியல. கொழந்த மாதிரி பாத்துக்கினுதான் இருக்கேன்."

பத்ரிநாத் வாசலுக்கு வந்தார். பெருமாள்சாமியின் மனைவி தனலக்ஷ்மி கேட் வரை கூடவே வந்தார்.

"இதுவும் கெட்டா, அந்த முந்நூறு பேருக்கும் இல்லன்னு சொல்லிடப் போறேன்மா. தப்பு என் மிஷின்லதான்."

அந்த அம்மாவின் முகம் வாடியது. "முந்நூறு பேருக்குமா?"

"வேற வழியில்ல. எங்க தப்புன்னே கண்டுபிடிக்க முடியலையே."

"மெதுவாப் பேசுங்க சார், அவருக்குக் கேட்டுடும்." தனலக்ஷ்மி ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார். "கிரைண்டர்ல போட்டது நான்தான் சார். இருபத்தஞ்சு வருஷமா நான் வாயத் தொறந்தா என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்த மனுஷன், இப்போ முதுகக் காட்டிக்கினே பதில் சொல்றாரு."