கடைசி ரீஜன் யாருக்கு?

மைத்துனர் அனுப்பிய டிவிடி டிஸ்க் ஒன்றுகூடத் தன் வீட்டு டிவியில் ஓடக்கூடாது என்று ஷரத்து சார் மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டார்.

ஷரத்து சார் என்பது ஆபீசில் வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவருக்கு அது ஏன் கிடையாது என்று பத்திரத்தின் பொடி எழுத்தில் துழாவிக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். கார் மரத்தில் மோதிவிட்டது என்று ஒருவர் வந்தால், மரம் நின்றிருந்ததா சாய்ந்திருந்ததா என்று கேட்பார். நின்ற மரத்துக்கு ஒரு ஷரத்து, சாய்ந்த மரத்துக்கு ஒரு ஷரத்து. வந்தவர்தான் கடைசியில் சாய்வார்.

மனைவிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் உதவியாளர் வேலை. பகலெல்லாம் அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் தன் வாயை அதிகம் திறக்கமாட்டாள். அதை அவர் அறியாமை என்று கணக்கு வைத்திருந்தார்.

மைத்துனர் வெளிநாட்டில் இருந்தார். போனில் எதைப் பேசினாலும் "எங்க ஊர்ல என்னன்னா" என்று ஆரம்பிப்பார். இங்கே மழை பெய்தால், அங்கே அது ஒழுங்காகப் பெய்யும். அப்பேர்ப்பட்டவர் தங்கைக்கு ஒரு குடும்பத் தொடர் அனுப்பியிருந்தார். இருபது டிஸ்க். அவ்வளவும் அழுகை என்று அட்டைப்படமே சொன்னது. அது ஓடினால் தன் சண்டைப்படங்களின் கதி என்ன என்பதுதான் ஷரத்து சாரின் கவலை.

ஆனால் டிவிடி பிளேயர் அவரைக் காப்பாற்றியது.

"என்னங்க, படம் வரலை. இந்த டிஸ்க் இந்த ரீஜனுக்கு உரியது இல்லைன்னு எழுதிக் காட்டுது."

அவர் சிரித்த சிரிப்பில் சோபா குலுங்கியது.

"உலகத்தையே துண்டு துண்டாப் பிரிச்சு வெச்சிருக்காங்கம்மா. அந்தத் துண்டுல வித்த டிஸ்க் இந்தத் துண்டுப் பிளேயர்ல ஓடாது. உங்க அண்ணன் மாதிரியே. அங்க சுத்துவார், இங்க வந்தா படுத்துடுவார்."

"ரீஜனை மாத்த முடியாதா?"

"முடியவே முடியாது."

"செட்டிங்ஸ்ல 'ரீஜன் மாற்று'ன்னு ஒண்ணு இருக்கே?"

ஷரத்து சாரின் சிரிப்பு பாதியில் நின்றது. கையேட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கடைசிப் பக்கத்தில், எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் இருந்தது: ரீஜனை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது முறை எதை வைக்கிறீர்களோ, அதுவே நிரந்தரம்.

அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஆனால் விரலை விட்டு எண்ணிப் பார்த்தபோது கசந்தது. இப்போது பிளேயர் இருப்பது அவருடைய ரீஜனில். முதல் மாற்றம் அவளுக்கு, இரண்டாவது திரும்ப அவருக்கு, மூன்றாவது அவளுக்கு, நான்காவது அவருக்கு. ஐந்தாவது? ஐயோ, அவளுக்கு! நடுவில் ஒன்றை வீணடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

"சரி, மாத்தித் தரேன். ஆனா மெஷின் விஷயம். ரிமோட்டை நீ தொடாதே."

டிவிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து, திரையை மறைத்துக்கொண்டு மாற்றினார். அவள் ஒரு டிஸ்க் பார்த்து மூக்கைச் சிந்தினாள். மறுநாள் அதேபோல் மறைத்துக்கொண்டு திரும்ப மாற்றி, தன் படத்தைப் போட்டார். கதாநாயகன் நாற்பது பேரை அடித்தான்.

அடுத்த நாள் அவள் குளிக்கப் போன நேரம். மூன்றாவது மாற்றத்தை, யாருக்கும் பிரயோஜனமில்லாத ஏதோ ஒரு தேசத்து ரீஜனில் தள்ளிவிட்டார். இனி அவள் கேட்பாள். நான்காவதைப் பெருந்தன்மையாகக் கொடுப்பார். ஐந்தாவது அவருடையது. ஆயுசுக்கும்.

அவள் கேட்கவில்லை.

ஒரு வாரம் கேட்கவில்லை. மறுவாரமும் கேட்கவில்லை. கிளினிக்கிலிருந்து தாமதமாக வந்தாள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். வேற்று தேசத்து ரீஜனில் தன் படமும் ஓடாமல், ஷரத்து சார் இருண்ட டிவிக்கு எதிரே உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சண்டைக்காட்சி எதுவும் இல்லை.

"உனக்கு அந்தத் தொடர் பார்க்க வேண்டாமா?" என்றார், கெஞ்சாத குறையாக.

"வேண்டாங்க."

"வேணும்னா மாத்தித் தரேன்மா."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

ஆசையே விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று அவரும் நம்பினார். கை அரித்தது. நான்காவது மாற்றத்தில் தன் ரீஜனுக்கே திரும்பிப் போய், அன்று சாயங்காலம் மூன்று சண்டைப்படம் பார்த்தார்.

மறுநாள் அவர் முகம் சோப்பு நுரையோடு இருக்கையில், ஹாலில் யாரோ கேவிக் கேவி அழும் சத்தம் கேட்டது. துண்டோடு ஓடி வந்தார். டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். ரிமோட் மனைவி கையில்.

"மாத்திட்டியா? அடிப்பாவி, அது அஞ்சாவது! இனி மாத்தவே முடியாது!"

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்? அது பொடி எழுத்துல இல்ல இருந்தது!"

"டிவில பெரிய எழுத்துலயே வந்துதே, மீதி எத்தனைன்னு. நீங்க மறைச்சுக்கிட்டு நின்னீங்க, அதனாலதான் என்னமோ இருக்குன்னு போய்ப் பார்த்தேன். கையால வாயை மூடிக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் பல்லு ரொம்பச் சொத்தையா இருக்கும். கிளினிக்ல தினம் பார்க்கிறேன்."

ஷரத்து சார் நுரையோடு சோபாவில் உட்கார்ந்தார். "சரி. இருபது டிஸ்க்தானே. பார்த்துத் தொலை. எத்தனை நாள் ஆகும்?"

"நான் எல்லாத்தையும் பார்த்து முடிச்சுட்டேங்க. கிளினிக் டிவில எந்த ஊர் டிஸ்க்கும் ஓடும். டாக்டரம்மாவும் நானும் வேலை முடிஞ்சதும் உட்கார்ந்து பார்த்தோம்."

"முடிச்சுட்டியா?" அவர் துள்ளி எழுந்தார். "பின்ன எதுக்குடி மாத்தின? யாருக்காக?"

"அண்ணன் நாளைக்கு வர்றாருங்க. ரெண்டு மாசம் லீவு." மாமியார் அழுகையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். "அவர் இன்னும் முதல் டிஸ்க்கைக்கூடப் பார்க்கலையாம். தனியாப் பார்த்தா தூக்கம் வந்துடுமாம், நீங்க பக்கத்துல உட்கார்ந்தாத்தான் பார்ப்பாராம்."