மைக் செட் அனுமதியில் பறந்த கருடன்

பக்தி உள்ளவனுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. சாமியிடம் கேட்டுவிட்டால் எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். அப்படி நினைத்துத்தான், எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று, கோபுரத்துக் கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற அந்த நேரத்தில், நான் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இருப்பது தாம்பரத்தை அடுத்த சேலையூர்ப் பக்கம். விமானப்படைத் தளத்தின் மதில் சுவர் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். எங்கள் தெருவில் சண்டை போடுகிறவர்கள்கூட அப்படித்தான். அந்த மதிலில் ஒரு போர்டு உண்டு. இங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது, மீறினால் சுட்டு வீழ்த்தப்படும் என்று தமிழிலும் எழுதியிருக்கும். பால் வாங்கப் போகும்போது தினமும் படிப்பேன். எதிரி நாட்டுக்காரனுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். (எதிரி நாட்டுக்காரன் எதற்கய்யா தமிழ் படிக்கப் போகிறான்? அது எனக்குத் தோன்றவே இல்லை.)

என் பெயர் ஏகாம்பரம். பத்தாவது வரை படித்தவன். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு, இப்போது வீட்டோடு இருக்கிறேன். கோயில் கமிட்டியில் பந்தல், மைக் செட், அன்னதானத்துக்கு அடுப்பு, இதெல்லாம் என் பொறுப்பு.

என் மனைவி வசந்தாவுக்குக் கமிட்டியில் பதவி எதுவும் இல்லை. ஆனால் திருப்பணி நடந்த நாளெல்லாம் கொத்தனார்களுக்கு மோர் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். கோபுரத்தில் ஒவ்வொரு பொம்மைக்கும் என்ன வர்ணம் அடிக்கிறார்கள் என்பது ஸ்தபதிக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று.

எங்கள் வீடு முதல் மாடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். அதோடு சரி. அவள் கீழே இறங்கவே இல்லை. கால் நன்றாகக் கூடிவிட்டது, படி ஏறி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கால் தயார்தான், மனசு தயாராகவில்லை. வாக்கரோடு மேல்படி வரை வருவாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பாள். "நாளைக்குப் பாத்துக்கலாங்க" என்று திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்ததுக்கு நான் இருப்பேனோ என்னவோ." வெண்டைக்காய் முத்தலாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நீ மாடியிலேயே உக்காரு. தீர்த்தம் உன் தலையில வந்து விழும். நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

எப்படி என்று கேட்டாள். எனக்கும் அப்போது தெரியாது.

வழியைக் காட்டியவர் எங்கள் மாப்பிள்ளை கார்த்திக். மேடவாக்கத்தில் குடியிருக்கிறார், சிறுசேரியில் வேலை. அந்த வாரம் என் மகள் கவிதாவோடு வந்தவர், பையிலிருந்து உள்ளங்கை அளவு ட்ரோன் ஒன்றை எடுத்துக் காட்டினார். மலைப் பிரதேசத்துக்குப் போனபோது படம் பிடித்தாராம். பெரிய ஊர்க் கோயில்களில் ட்ரோனை வைத்துக் கூட்டத்தின் மேல் தீர்த்தம் தெளிப்பதை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். இரண்டு நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். மாப்பிள்ளை போனில் ஒரு மேப்பைத் திறந்து காட்டி, "மாமா, இந்த ஏரியா கொஞ்சம் சிவப்பா காட்டுது" என்றார். எங்கள் வீடு, கோயில், ரேஷன் கடை எல்லாமே அந்தச் சிவப்பில் முழுகிக் கிடந்தன. அம்மனுக்கு உகந்த நிறம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாமனாரிடம் கூடாது என்று சொல்கிற பழக்கம் எங்கள் மாப்பிள்ளைக்குக் கிடையாது. "கொஞ்சம் பாத்துக்குங்க மாமா" என்றார். நானும் பார்த்துக்கொண்டேன். நேராகக் கோயிலுக்குப் போய் அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டேன்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, சன்னிதியில் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். சிவப்பு வந்தது. நான் மடித்தது சரியில்லை என்று மறுபடி போட்டேன். மறுபடியும் சிவப்பு. அம்மன் ஏதோ வேலையாக இருக்கிறாள் போலிருக்கிறது என்று சாயங்காலம் திரும்பப் போனேன். வெள்ளை வந்தது.

பூமியில் வாங்க வேண்டிய அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தது. மைக் செட்டுக்காகக் கமிட்டி பேரில் போலீஸ் ஸ்டேஷனில் நான்தான் வாங்கியிருந்தேன். ஸ்பீக்கரைவிட ட்ரோன் சத்தம் கம்மிதானே, இதுவும் அதில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹோமியோபதி மருந்து வருகிற சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியால் ட்ரோனின் வயிற்றில் தலைகீழாகக் கட்டினேன். சொட்டுச் சொட்டாக விழும். ஒத்திகை எல்லாம் வீட்டுக் கூடத்துக்குள்தான். அது ஃபேனில் ஒரு தடவை, காலண்டரில் ஒரு தடவை இடித்தது. வசந்தா இட்லிப் பானை மூடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "இதுக்கு நான் நடந்தே போயிடலாம் போல இருக்கு" என்றாள். ஆனால் போகவில்லை.

கும்பாபிஷேகத்தன்று காலையில் எங்கள் மாடியில், வாசலுக்கு வெளியே திறந்த இடத்தில் நாற்காலி போட்டு, பட்டுப்புடவையில் அவளை உட்காரவைத்தேன். கவிதா துணைக்கு இருந்தாள். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தார். நான் கோயிலுக்குப் போய், யாகசாலையில் பூஜை முடிந்த கலசத்து நீர் கொஞ்சம் வேண்டும் என்று குருக்களிடம் கேட்டேன். எதற்கு என்றார். வீட்டுக்கு என்றேன். கொடுத்தார்.

சாரத்தின் மேல் குருக்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். கீழே சனம் மொத்தமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடத்து நீரை ஊற்றுவதற்கு முன் கருடன் வந்து வட்டமிட்டால், அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று எங்களுக்கு நம்பிக்கை. அன்றைக்குக் கருடன் தாமதம். நான் அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் போய், அம்மனை நினைத்து, ட்ரோனைக் கிளப்பினேன்.

கூடத்துக்குள் காற்று அடிக்காது. வெளியே அடிக்கும். இந்த வித்தியாசம் அது பந்தலுக்கு மேல் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் வீட்டுப் பக்கம் திருப்பினால் அது கோபுரத்துப் பக்கம் போயிற்று. உயரத்தில் கறுப்பாக ஏதோ வட்டமடிப்பதை யாரோ பார்த்துவிட்டு, "கருடன் வந்தாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அத்தனை கைகளும் தலைக்கு மேல் குவிந்தன. மேளம் வேகமெடுத்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் அழுதே விட்டாள்.

இங்கேதான் என் மூளையின் அழகைச் சொல்ல வேண்டும். கருடன் என்ற சத்தம் காதில் விழுந்ததும் நானும் ரிமோட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். (நான் விட்ட கருடன்தான். இருந்தாலும் பழக்கம் விடுமா?)

ரிமோட் கீழே விழுந்தால் அந்த ட்ரோன் இருக்கிற இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். அது நின்ற இடம் குருக்களின் தலைக்கு நேர் மேலே. சொட்டு, சொட்டு, சொட்டு. அவர் மந்திரத்தை நிறுத்தினார். மேலே பார்த்தார். அவர் கழுத்தில் மைக் இருந்தது. நான் கட்டின மைக் செட், துளி கரகரப்பு இல்லாமல் பேட்டை முழுக்கக் கேட்டது: "கருடன் இல்லை இது. யாரோடதோ மிஷின். என் தலையில சொட்டறது."

நான் ரிமோட்டைத் தேடி எடுத்து அவசரமாக இறக்கினேன். அது பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் பக்கத்தில் பத்திரமாக இறங்கியது. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், "யாருதுபா இது? ஏர்ஃபோர்ஸ் பக்கத்துல வுட்டுகினு கீறீங்க" என்றார். இன்ஸ்பெக்டர் அனுமதி எங்கே என்று கேட்டார். மைக் செட் அனுமதியை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, ஜீப்பைக் கைகாட்டினார்.

ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று. மாடியில் வசந்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்பது போலக் கையாட்டினேன். போலீஸ் ஜீப்பிலிருந்து ஒருவன் கையாட்டினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பின்னால் "ஓம் சக்தி, பராசக்தி" என்று ஊரே முழங்கியது. குடத்து நீரை ஊற்றிவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை, அவளுக்கும் ஒரு சொட்டு போய்ச் சேரவில்லை.

ஸ்டேஷனுக்கு விமானப்படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் ட்ரோனைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார்கள். இந்தியில் ஏதோ கேட்டார்கள். உள்ளே என்ன திரவம் என்று கேட்கிறார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். கலசத்துத் தண்ணீர் சார், மஞ்சளும் பச்சைக் கற்பூரமும் போட்டது என்றேன். அவர்கள் முகம் மாறவில்லை. "நானே குடிச்சுக் காட்டறேன் சார்" என்று பாட்டிலை வாங்கி, அடியில் மிச்சமிருந்ததை மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டு, கையில் ஒட்டியதைத் தலையில் தடவிக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் குடித்தது வசந்தாவின் பங்கு.

இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, பொறுமையாகவே சொன்னார். இவ்வளவு சின்ன ட்ரோனுக்கு லைசென்ஸ் தேவையில்லை, தடை இல்லாத இடத்தில், காலி மைதானத்தில் தாழ்வாக விட்டால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் விமானம் இறங்குகிற இடத்தைச் சுற்றியுள்ள வானம் தடை செய்யப்பட்டது. ஒரு குருவி இன்ஜினில் மாட்டினாலே ஆபத்து. மேப்பில் சிவப்பாக இருக்கிற இடத்தில் எவ்வளவு சின்ன ட்ரோனாக இருந்தாலும் மத்திய அரசு அனுமதி இல்லாமல் கிளப்பக் கூடாது.

"மைக் செட்டுக்கு நான் அனுமதி கொடுக்கலாம் ஐயா. வானத்துக்கு நான் யாரு கொடுக்க? அதுக்கு மேல கேக்கணும்."

"மேல கேட்டாச்சு சார்."

"எங்க?"

"அம்மன்கிட்ட. பூப் போட்டு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வெள்ளையா, சிவப்பா?"

"வெள்ளை சார்."

"எத்தனாவது தடவை?"

நான் அவர் நகர்த்திய தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அப்போது வாசலில் வாக்கர் சத்தம் கேட்டது. டக், டக் என்று. நிமிர்ந்து பார்த்தேன். பட்டுப்புடவையோடு வசந்தா. பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பிடிக்கத் தயாராகக் கவிதா. ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா பாதிப் படி இறங்கிவிட்டாள், ஆட்டோவை நிறுத்தியதுகூட அவள்தான் என்று கவிதா பிறகு சொன்னாள்.

"வசந்தா, தீர்த்தத்தை நான் குடிச்சிட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"தீர்த்தம் கெடக்குது. உங்களை அடிச்சாங்களா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அவளுக்குப் போட்டார். "உக்காருங்கம்மா. யாரும் அடிக்கல. அவர்தான் எங்களைச் சிரிக்க வெச்சாரு."

கவிதா போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், சிறிது நேரத்தில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து குருக்கள் வந்தார். தலை இன்னும் காயவில்லை. மடியில் குடம். புகார் ஏதும் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உண்டு" என்றார் குருக்கள். "வீட்டுக்குன்னு மட்டும் சொன்னார். இந்தம்மா படி இறங்க முடியாம உக்காந்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா ஊத்தி முடிச்ச கையோட குடத்தைத் தூக்கிண்டு நானே மாடி ஏறி வந்திருப்பேன். எல்லார்கிட்டயும் கேட்டார் ஏகாம்பரம். என்கிட்ட கேக்கலை."

அம்மனிடம் மூன்று தடவை கேட்டவன், அடுத்த தெருவிலேயே இருக்கிற குருக்களிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

குடத்தில் மிச்சமிருந்த கும்பத்து நீரை மாவிலையால் தொட்டு, குருக்கள் வசந்தாவின் தலையில் தெளித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் வழிந்து கன்னம் வரை இறங்கியது. தீர்த்தம் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். கான்ஸ்டபிள் நின்றார். லாக்கப்பில் இருந்த ஒருவர் கம்பி வழியாகக் கையை நீட்டினார். அவருக்கும் கிடைத்தது.

இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, என்னைக் கண்டித்து அனுப்பினார்கள். ட்ரோனை மாப்பிள்ளையே நேரில் வந்து விளக்கம் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, "சாரி மாமா, நான்தான் சரியா சொல்லல" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். (அதைவிட இரண்டு அடி வைத்திருக்கலாம்.)

குடும்பத்தில் இது இன்னும் ஓயவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கும்பாபிஷேகத் தீர்த்தம் கிடைத்ததா என்று கேட்டால், "எனக்கு ஸ்டேஷன்ல குடுத்தாங்க" என்று வசந்தா ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிறாள். கேட்டவர்கள் கதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள்.

மழை நாளில் கால் பிடித்துக்கொண்டால், இப்போதும் அவள் மேல்படியில் வந்து நின்று யோசிப்பதுண்டு. கவிதா வந்திருந்தால் கீழேயிருந்து குரல் கொடுப்பாள்: "அம்மா, அப்பாவைப் போலீஸ் புடிச்சிட்டுப் போறாங்க." வசந்தா சிரித்துக்கொண்டே இறங்க ஆரம்பிப்பாள். கடைசிப் படிக்கு வந்ததும், "எங்கடி, ஆளைக் காணோம்?" என்பாள். நான் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று இருமிக் காட்டுவேன்.